உடன்படிக்கை ஆட்டங்காணும் காலத்தில் உதவிப் பணியாளர் பாதுகாப்பு: திருகோணமலையில் கற்றவை

இலங்கை அரசாங்கத்துக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையில் 2002 பெப்ரவரி 22ஆம் திகதி செய்துகொள்ளப்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கை வலுவோடு இருந்த ஆண்டுகளிலும், பின்னர் அது பெயரளவில் மட்டும் எஞ்சியிருந்த ஆண்டுகளிலும், திருகோணமலையில் இயங்கிய வெளிநாட்டு நிவாரண நிறுவனமொன்றில் வாகனப் போக்குவரத்துக்கும் பொருள் விநியோகத்துக்கும் பொறுப்பாகப் பணியாற்றினேன். சூடானுக்கும் தென் சூடானுக்கும் யேமனுக்கும் வேலைக்குச் செல்லும் நம்மவர்கள் சிலர் அண்மைக் காலத்தில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: பேச்சுவார்த்தை நடக்கிறது, போர்நிறுத்தம் அறிவித்திருக்கிறார்கள், நம்பிப் போகலாமா? ஓரிரு வரிகளில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இதற்கு இல்லை. மேல்மட்டத்தில் நடக்கும் இராஜதந்திரம் களத்தில் நிற்கும் ஒரு சாரதியின் உயிரை எந்த வழியாக வந்து காக்கிறது, எந்த இடத்தில் அது அறுந்துபோகிறது என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அதை இயன்றவரை முறையாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

அந்த உடன்படிக்கையில் அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் வேலுப்பிள்ளை பிரபாகரனும் ஒரே மேசையில் அமர்ந்து ஒப்பமிடவில்லை. நோர்வே அரசு இடையில் நின்று இரு தரப்பின் ஒப்பத்தையும் தனித்தனியே பெற்றது. பொதுமக்களுக்கு எதிரான சித்திரவதை, மிரட்டல், கடத்தல், கப்பம் பெறுதல் போன்றவற்றை இரு தரப்பும் தவிர்க்கும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்தவர்களைக் கொண்ட கண்காணிப்புக் குழு ஒன்றுக்கும் அது வழி செய்தது. விலக விரும்பும் தரப்பு நோர்வேக்கு 14 நாட்கள் முன்னறிவித்தல் கொடுத்தால் போதும் என்ற வாசகமும் அதிலேயே இருந்தது. ஆனால் நிவாரணப் பணியாளர்களின் பாதுகாப்புக் குறித்துத் தனியாக ஒரு விதி அதில் இருக்கவில்லை. போர் நின்றால் பணியாளருக்கும் ஆபத்து நீங்கிவிடும் என்ற எண்ணத்தில் அன்று எவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று எங்கேனும் ஒரு போர்நிறுத்த ஆவணம் வெளியானால் நான் முதலில் தேடிப் பார்ப்பது அந்த விதி இருக்கிறதா என்பதைத்தான்.

2002 ஏப்ரலில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் தொடங்கிய பேச்சு, 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹகோனே வரை ஆறு சுற்றுகள் நடந்தது. அரச தரப்புக்கு ஜீ.எல்.பீரிஸும் புலிகளுக்கு அன்ரன் பாலசிங்கமும் தலைமை வகித்தார்கள். எங்களுக்கு அந்தப் பேச்சுகளின் பயன் தெரிந்த இடம் சோதனைச்சாவடி. திருகோணமலை நகருக்குத் தெற்கே, குடாவுக்கு அப்பால் இருக்கும் மூதூருக்குக் கிழக்கே சம்பூர், தெற்கே ஈச்சிலம்பற்று ஆகிய பகுதிகள் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. முன்பு பல நாட்கள் காத்திருந்தும் கொண்டுபோக முடியாத பொருட்களை உடன்படிக்கைக்குப் பின்னர் அங்கே கொண்டுபோக முடிந்தது. ஆயினும் எல்லாம் கட்டுப்பாடின்றிப் போகவில்லை. சீமெந்து, இரும்புக் கம்பி, டீசல், பெற்றோல் ஆகியவற்றுக்கு அளவுக் கட்டுப்பாடு இருந்தது. சிறிய மின்கலங்கள் கூடத் தடைப் பட்டியலில் இருந்தன. கிணறு கட்டப் போகும் ஒரு குழு கைவிளக்குக்கான மின்கலத்தைப் பையில் மறந்து வைத்திருந்தால் அன்றைய பயணம் முழுவதும் நின்றுவிடக்கூடும்.

ஆகவே நாங்கள் ஒரு தாளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தோம். முதல் நாள் மாலையே வாகன இலக்கம், சாரதியின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், உடன் செல்பவர்களின் விபரம், பொருட்களின் எண்ணிக்கை, கடக்கும் நேரம், திரும்பும் நேரம் ஆகிய அனைத்தையும் எழுதி, ஒரு பிரதியைப் படைப்பிரிவுத் தலைமையகத்துக்கும், ஒன்றைக் கண்காணிப்புக் குழுவின் மாவட்ட அலுவலகத்துக்கும், ஒன்றைக் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்துக்கும், ஒன்றைச் சம்பூரில் இருந்த புலிகளின் அரசியல்துறை அலுவலகத்துக்கும் சேர்ப்பிப்போம். புதிதாக வருபவர்கள் இத்துடன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடுவார்கள். அறிவித்தல் கொடுத்தோம் என்பது வேறு, அது உரியவரின் கையில் கிடைத்தது என்பது வேறு, கிடைத்தவர் அதைக் காவலில் நிற்கும் சிப்பாய்க்குச் சொன்னார் என்பது முற்றிலும் வேறு. இந்த மூன்றுக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் பெரும்பாலான விபரீதங்கள் நிகழ்கின்றன. எனவே தாளைப் பெற்றவரின் பெயரையும் நேரத்தையும் எங்கள் பிரதியில் எழுதிக்கொள்வோம். காலையில் புறப்படும் முன்னர் மீண்டும் அழைத்து, இன்று கடமையில் இருக்கும் அதிகாரி யார், அவருக்கு விடயம் தெரியுமா என்று கேட்போம். அதிகாரிகள் இடம் மாறுவார்கள். நேற்றுவரை நம்மை அறிந்திருந்தவர் இன்று வேறு மாவட்டத்தில் இருப்பார். தொலைபேசிப் பட்டியலை ஒவ்வொரு வாரமும் புதுப்பிக்காத அலுவலகத்தின் பாதுகாப்புத் திட்டம் எத்தனை பக்கம் இருந்தாலும் களத்தில் அது உதவாது.

கண்காணிப்பாளர்களிடம் ஆயுதம் இல்லை. எவரையும் கைது செய்யவோ, ஒரு காவலரணை அகற்றவோ அவர்களுக்கு அதிகாரமும் இல்லை. அப்படியிருந்தும் அவர்கள் வந்து நின்றால் காரியம் நடந்தது. ஒரு தடவை தார்ப்பாய்கள் ஏற்றிய எங்கள் லொறி காரணம் எதுவும் சொல்லப்படாமல் வெயிலில் நிறுத்தப்பட்டிருந்தது. கண்காணிப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர் தம் வெள்ளை வாகனத்தில் வந்து இறங்கி, சாரதியிடமும் காவலில் நின்ற சார்ஜன்ட்டிடமும் பெயரும் நேரமும் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதினார்; குரலை உயர்த்தவில்லை, வாதாடவும் இல்லை. சிறிது நேரத்தில் லொறி விடப்பட்டது. அந்தக் குறிப்பு அன்று மாலையே கொழும்புக்குப் போகும், அங்கிருந்து நோர்வேத் தூதரகத்துக்கும், உதவி வழங்கும் நாடுகளின் இணைத் தலைமைகளான அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், நோர்வே ஆகியவற்றுக்கும் எட்டும், பின்னர் அங்கிருந்து ஒரு கேள்வி கீழே இறங்கிவரும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இராஜதந்திரம் எங்களைக் காத்தது இந்த வழியாகத்தான். சாவடியில் நடப்பது மேலே தெரியவரும் என்ற எண்ணம் சாவடியில் நிற்பவனிடம் இருக்கும்வரை எங்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. அந்த எண்ணம் தேயத் தொடங்கியபோது எங்கள் தாள்களும் கொடிகளும் தம் பெறுமதியை இழந்தன.

தேய்மானம் ஒரே நாளில் வரவில்லை. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகி நின்றார்கள். 2004 மார்ச்சில் கிழக்கில் புலிகளின் தளபதியாக இருந்த கருணா அமைப்பிலிருந்து பிரிந்தார். யார் எந்தப் பக்கம் என்று தெரியாத ஆயுததாரிகள் வீதிகளில் தோன்றியதனால், இரு தரப்புக்கு மட்டும் அறிவித்தால் போதும் என்ற எங்கள் நடைமுறை போதாமற்போனது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிவாரணத்தை இரு தரப்பும் சேர்ந்து நிர்வகிப்பதற்கென 2005 ஜூனில் கைச்சாத்தான கூட்டுக் கட்டமைப்பு அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தால் முக்கிய பகுதிகளில் இடைநிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் சுட்டுக்கொல்லப்பட்டார். 2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்த அன்றே சம்பூர்ப் பகுதி மீது விமானத் தாக்குதல் தொடங்கியது.

இதன் பின்னர் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இராஜதந்திரிகள் இதை வாசிப்பார்களானால் அவர்களுக்கும் இது உரியது. 2006 மே மாத இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்கான காரணங்கள் அவர்களிடம் இருந்தன. அவற்றை நான் இங்கே விசாரிக்கவில்லை. ஆனால் கண்காணிப்புக் குழுவின் ஐந்து நாடுகளில் சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய மூன்றும் ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள். அந்நாடுகளைச் சேர்ந்தவர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கோரினார்கள். ஜூனில் ஒஸ்லோ வரை சென்ற இரு தரப்புத் தூதுக்குழுக்களும் நேருக்கு நேர் சந்திக்காமலே திரும்பின. குழுவின் பெரும்பான்மையினர் அந்த மூன்று நாட்டவர்களே. செப்டெம்பர் தொடங்குவதற்குள் அவர்கள் விலகிச் செல்ல, நோர்வேயும் ஐஸ்லாந்துமே எஞ்சின. தலைநகரங்களில் ஓர் அரசியல் முடிவை எடுப்பவர்கள், அந்த முடிவினால் களத்தில் குறிப்பெடுத்து நிற்கும் மனிதர் எவராவது அகற்றப்படுவாரா, அகற்றப்பட்டால் அவருடைய இடத்தில் மறுநாள் யார் நிற்பார் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். எங்கள் விடயத்தில் அந்தப் பதில் எவரிடமும் இருக்கவில்லை.

ஜூலையில், வயல்களுக்கு நீர் செல்லும் மாவிலாற்று அணைக்கதவைப் புலிகள் மூடினார்கள். அதைத் திறப்பதற்கான இராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் புலிகள் மூதூர் நகருக்குள் புகுந்தனர். பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் மக்கள் நகரை விட்டுக் கந்தளாய் நோக்கி நடந்தார்கள். ஷெல் வீச்சு இரு திசைகளிலிருந்தும் விழுந்தது; மக்கள் தஞ்சமடைந்திருந்த அரபுக் கல்லூரியும் தப்பவில்லை. பட்டினிக்கு எதிரான நடவடிக்கை என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பணியாளர்கள் 17 பேர் அப்போது மூதூரில் இருந்தார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம்; நால்வர் பெண்கள். குடிநீர், சுகாதார வேலைகளுக்காகத் திருகோணமலையிலிருந்து சென்றிருந்தவர்கள். கொட்டியாரக் குடாவைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நின்றுவிட்டது. தரை வழியாக அவர்களை மீட்கும் முயற்சிகள் கைகூடவில்லை. அலுவலக வளாகத்துக்குள்ளேயே இருக்கும்படி அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. ஆகஸ்ட் 4ஆம் திகதி காலைக்குப் பின்னர் அவர்களுடைய ரேடியோத் தொடர்பு இல்லாமற்போனது. ஆகஸ்ட் 6ஆம் திகதி அங்கே சென்றடைந்த நிவாரண அமைப்புகளின் கூட்டமைப்பினர், வளாகத்தின் முற்றத்தில் நிறுவனத்தின் ரீசேர்ட் அணிந்தபடி குப்புறக் கிடந்த 15 உடல்களைக் கண்டார்கள். மற்ற இருவரின் உடல்கள் பின்னர் பக்கத்தில் கிடைத்தன. அருகிலிருந்து, தலையில் சுடப்பட்டிருந்தார்கள்.

திருகோணமலை சிறிய ஊர். அந்தப் பிள்ளைகளில் பலரை நாங்கள் இறங்குதுறையிலும் கூட்டங்களிலும் பார்த்துப் பேசியிருக்கிறோம். அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் எவரும் சரியாகச் சாப்பிடவோ உறங்கவோ இல்லை. இதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி எழுதுவது அவர்களுடைய பெற்றோருக்கு உரிய துயரை எடுத்துக்கொள்வதாகும்.

ஆனால் அதிலிருந்து வரும் பாடத்தை எழுதாமல் விடுவதும் தவறு. மோதல் தொடங்கினால் வளாகத்துக்குள் இருங்கள், கொடி தெரியும்படி இருங்கள் என்ற அறிவுரை அன்று ஏறத்தாழ எல்லா நிறுவனங்களின் கையேட்டிலும் இருந்தது. எங்களுடையதிலும் அதுவேதான் எழுதப்பட்டிருந்தது. எனவே இதை எந்த ஒரு நிறுவனத்தின் மீதான குறையாகவும் சொல்லவில்லை. அந்த அறிவுரை ஷெல் வீச்சிலிருந்து காப்பதற்காக உருவானது. உள்ளே வரும் ஆயுததாரி சின்னத்தை மதிப்பான் என்ற நம்பிக்கையை அது அடித்தளமாகக் கொண்டது. அந்த நம்பிக்கை இல்லாதபோது, எல்லோருக்கும் தெரிந்த ஒரு வளாகம் மறைவிடமாக இருக்க முடியாது. ஊரோடு ஒத்து வெளியேறுவதா, வளாகத்தில் இருப்பதா என்பதைத் தொலைவில் இருக்கும் ஒருவர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. களத்தில் இருக்கும் குழுவின் பொறுப்பாளருக்கு, மேலிடத்தின் அனுமதிக்குக் காத்திராமல் புறப்படும் அதிகாரம் எழுத்தில் வழங்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு புறப்பட்டதற்காக வாகனத்தையோ பொருளையோ இழந்தால் அவர் விசாரணைக்கு உட்படுத்தப்பட மாட்டார் என்பதும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு எங்கள் அலுவலகத்தில் அத்தகைய கடிதத்தைக் கேட்டு வாங்கினோம். எளிதில் கிடைக்கவில்லை, தலைமையகத்துக்குப் பல முறை எழுத நேர்ந்தது.

அதைவிடச் சிறந்தது, போகாமல் இருக்கத் தெரிந்துகொள்வது. எங்கள் சாரதிகளில் மூத்தவர் மூதூர்ப் பக்கத்துக்காரர். படைப் பேச்சாளரின் அறிக்கையையும் தூதரகத்தின் ஆலோசனையையும் விட அவர் சொல்வது நம்பத்தக்கதாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். "கடைக்காரன் கொப்பியில எழுதிக் கடன் குடுக்கிறத நிப்பாட்டிட்டான் தம்பி, நாங்க பின்னேரத்துக்கு முதல் திரும்புவம்" என்பார். ஊர் கிளம்பப் போகிறது என்று எண்ணும் கடைக்காரர் கடன் கொடுக்க மாட்டார். கர்ப்பிணிகளையும் வயது வந்த பிள்ளைகளையும் உறவினர் வீட்டுக்கு அனுப்புவது, படகில் மனிதரைவிடப் பெட்டி படுக்கை கூடுதலாக ஏறுவது, மீனவர் இரவு தொழிலுக்குப் போகாமல் விடுவது, பாடசாலைக்கு ஆசிரியர்கள் வராமல் விடுவது ஆகிய அனைத்தும் அறிக்கைகளுக்கு முன்னதாகவே வரும் அறிகுறிகள். இவற்றைக் கேட்டு எழுதி, இத்தனை அறிகுறிகள் சேர்ந்தால் அந்தப் பக்கம் வாகனம் போகாது என்று அமைதியான காலத்திலேயே முடிவு செய்து வைத்துவிட வேண்டும். பதற்றம் வந்த பின்னர் கூடிப் பேசினால், நன்கொடையாளருக்குக் கொடுத்த திகதியும் முடிக்காத வேலையும் நம் தீர்ப்பைப் பாதிக்கும்.

அந்த 17 பேருக்கும் நீதி கிடைக்கவில்லை. கண்காணிப்புக் குழுவின் தலைவராக இருந்த சுவீடன் நாட்டவர் உல்வ் ஹென்றிக்சன், 2006 ஆகஸ்ட் இறுதியில் அரச பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என்ற முடிவை வெளியிட்டார். அரசாங்கம் அதை மறுத்தது. பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதைக் கவனிப்பதற்கு இந்தியாவின் முன்னாள் தலைமை நீதியரசர் பி.என்.பகவதி தலைமையில் வந்த சர்வதேசச் சான்றோர் குழு, சாட்சிகளுக்குப் பாதுகாப்பில்லை, அரசியல் விருப்பமும் இல்லை என்று சொல்லி 2008இல் விலகிச் சென்றது. அதே ஆண்டில் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பும், 2013இல் அந்தப் பிரெஞ்சு நிறுவனமும் தத்தம் அறிக்கைகளை வெளியிட்டன. எவரும் தண்டிக்கப்படவில்லை. சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இலங்கையில் 2015இல்தான் வந்தது. ஆதலால் களத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: ரேடியோ அழைப்புகளின் பதிவேடு, வாகனப் பயணப் பதிவேடு, அறிவித்தல் தாள்கள், பணியாளர் அன்று எந்த இடத்தில் இருந்தார் என்ற குறிப்பு ஆகியவற்றின் பிரதி ஒன்று ஒவ்வொரு வாரமும் அந்த மாவட்டத்துக்கு வெளியே, இயன்றால் நாட்டுக்கு வெளியே போய்ச் சேர வேண்டும். ஆண்டுகள் பல கழிந்து எவரேனும் நேர்மையாக விசாரிக்க முன்வரும்போது, எரிந்துபோன அலுவலகத்தில் எதையும் தேட முடியாது.

2006 ஆகஸ்டில், ஏ-9 வீதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழையும் முகமாலைக் கடவை மூடப்பட்டது. ஒக்டோபர் இறுதியில் ஜெனீவாவில் கூடிய பேச்சு ஏ-9 வீதியைத் திறக்கும் விடயத்திலேயே முறிந்தது. ஆபத்து எல்லைக்கோட்டில் மட்டும் இல்லை என்பதை 2007 ஜூன் கற்பித்தது. மட்டக்களப்பைச் சேர்ந்த செஞ்சிலுவைச் சங்கப் பணியாளர்கள் இருவர், கொழும்பில் ஒரு பயிற்சிப் பட்டறையை முடித்து ஊர் திரும்புவதற்குக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் நின்றபோது, பொலிஸார் என்று சொல்லிக்கொண்டவர்களால் கொண்டுசெல்லப்பட்டார்கள். மறுநாள் இரத்தினபுரி மாவட்டத்தில் சடலங்களாகக் கிடைத்தார்கள். வெளிநாட்டுப் பணியாளருக்குத் தலைநகரம் ஓய்வுக்குரிய இடம். வடகிழக்குத் தமிழ்ப் பணியாளருக்கு அதே தலைநகரம் மிக ஆபத்தான பயணமாக இருக்கக்கூடும். பாதுகாப்புத் திட்டத்தை ஊர் வாரியாக மட்டும் எழுதாமல், செல்பவர் யார், அவர் எந்த மொழி பேசுபவர், அடையாள அட்டையில் எந்த ஊர் எழுதப்பட்டிருக்கிறது என்பவற்றையும் வைத்து எழுத வேண்டும். பயிற்சி கொடுப்பவர் மட்டக்களப்புக்கு வந்தால் என்ன என்று கேட்க எந்தப் பணியாளருக்கும் தயக்கம் வேண்டாம்.

2008 ஜனவரி 2ஆம் திகதி அரசாங்கம் உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. 14 நாட்களின் பின்னர், 16ஆம் திகதி, அது முடிவுக்கு வந்தது. எஞ்சியிருந்த கண்காணிப்பாளர்களும் புறப்பட்டார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பையும் நிவாரண நிறுவனங்களையும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலிருந்து வெளியேறும்படி அரசாங்கம் பணித்தது. கிளிநொச்சியில் அலுவலக வாயில்களை மறித்து நின்று, போகாதீர்கள், இங்கே நடப்பதைப் பார்க்க ஒருவராவது இருங்கள் என்று மக்கள் மன்றாடினார்கள். செப்டெம்பர் 16ஆம் திகதி ஐ.நா. வெளியேறியது. வெளிநாட்டவர் புறப்பட முடிந்தது. ஆனால் உள்ளூர்ப் பணியாளர் பலரின் குடும்பங்களைப் புலிகளின் பயண அனுமதி முறை வெளியேற விடவில்லை. குடும்பத்தை விட்டு வர முடியாமல் அவர்களும் உள்ளே நின்றுவிட்டார்கள். வெளியேற்றும் திட்டத்தில் பணியாளரின் பெயர் மட்டும் இருந்தால் அது அரைத் திட்டம். மனைவி, பிள்ளைகள், உடனிருக்கும் முதிய பெற்றோர் ஆகியோரின் பெயர்களும் இரு தரப்பிடமும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டு, அவர்களுக்கான அனுமதி பேச்சுவார்த்தைக்கான வழி திறந்திருக்கும் காலத்திலேயே பெறப்பட வேண்டும். வழி அடைபட்ட பின்னர் பெற முடியாது. 2012இல் சார்ள்ஸ் பெற்றி தலைமையிலான ஐ.நா. உள்ளக மீளாய்வு, இலங்கை விடயத்தில் அந்த அமைப்பு பொதுமக்களைக் காக்கும் கடமையில் தவறியதைத் திறந்து சொன்னது. அந்த அறிக்கையை இத்துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் வாசிக்க வேண்டும்.

இவ்வளவு முறிவுகளுக்கு இடையிலும் முறியாமல் நின்றவை சில உண்டு. வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தைக் கடவையில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு நடுநிலை இடைவெளியில் நின்றுகொண்டு மக்களும் நோயாளரும் பொருட்களும் கடக்க வழி செய்தது. இரு தரப்பும் பாதுகாப்பு உத்தரவாதம் தராத நாட்களில் தன் ஆட்களை விலக்கிக்கொண்டது. அப்போது கடவை மூடப்படும், பின்னர் இரு தரப்பும் மீண்டும் உத்தரவாதம் கொடுத்து அழைக்கும். 2009 பெப்ரவரி 10 முதல் மே 9 வரை, போர் முற்றியிருந்த முல்லைத்தீவு மாவட்டத்தின் புதுமாத்தளன் கரையிலிருந்து காயமடைந்தோரையும் நோயாளரையும் அவர்களோடு வந்தவர்களையும், மொத்தம் சுமார் 14,000 பேரை, அதே குழு கடல் வழியாக வெளியே கொண்டுவந்தது. முதலில் அந்தக் கப்பல் திருகோணமலைக்கே வந்தது. தூக்குக் கட்டிலில் இறக்கப்பட்டவர்களின் பெயரைக் கேட்டு எழுதும்போது, பலர் தம் பெயருக்கு முன்னதாகக் கரையில் விட்டுவந்த பிள்ளையின் பெயரைச் சொன்னார்கள். மார்ச்சில் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு மருத்துவமனை அமைத்த பின்னர் கப்பல் அங்கே சென்றது.

இதே மாதங்களில் பெரிய இராஜதந்திரம் நிறையவே நடந்தது. இந்தியாவின் வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி ஜனவரியில் கொழும்பு வந்தார். ஏப்ரல் இறுதியில் பிரித்தானிய, பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர்கள் டேவிட் மிலிபாண்டும் பேர்னார்ட் குஷ்னரும் சேர்ந்து வந்தார்கள். ஐ.நா. பாதுகாப்புச் சபை மே 13ஆம் திகதி ஒரு பத்திரிகை அறிக்கை வெளியிட்டது; அதற்குள் போர் முடிவதற்கு ஒரு வாரமும் இருக்கவில்லை. இந்த முயற்சிகளை நான் இழிவாகப் பேச விரும்பவில்லை. கேட்டவர்கள் மனமாரத்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் போரை நிறுத்துங்கள் என்ற பெரிய கோரிக்கை ஏற்கப்படாதபோது, அதனோடு கட்டப்பட்டிருந்த சிறிய பாதுகாப்புகளும் சேர்ந்தே வீழ்ந்தன. கப்பலும் ஓமந்தைக் கடவையும் அப்படிக் கட்டப்படவில்லை. அவற்றுக்கான ஒப்புதல், போர் தொடர்ந்தாலும் இன்ன நேரத்தில் இன்ன வழியால் இன்னார் கடப்பார் என்ற அளவிலானது. அதற்குச் செஞ்சிலுவைக் குழு கொடுத்த விலையும் உண்டு: கண்டதையெல்லாம் வெளியே சொல்லாமல் இருந்தது. அந்த மௌனத்தை எங்களில் பலர் அன்று கடுமையாக விமர்சித்தோம். இன்றும் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆயினும் பேசுபவர்களும் வேண்டும், பேசாமல் கப்பல் ஓட்டுபவர்களும் வேண்டும். இருவரும் ஒரே நிறுவனமாக இருக்க முடியாது என்றே கருதுகிறேன்.

பேச்சு மேசையில் அமர்பவர்கள் ஆகவே இரண்டு ஆவணங்களைத் தனித்தனியே தயாரிக்க வேண்டும். போர்நிறுத்தம் ஒன்று. மற்றது, போர்நிறுத்தம் முறிந்தாலும் முறியாது என்று இரு தரப்பும் ஒப்பமிடும் பணியாளர் பாதுகாப்பு ஒழுங்கு: எந்தக் கடவை, யாருடைய தொலைபேசி, வெளியேற எத்தனை மணி நேர அவகாசம், உள்ளூர்ப் பணியாளரின் குடும்பங்களுக்கு என்ன அனுமதி என்பவை அதில் இருக்க வேண்டும். 2023 மே 11ஆம் திகதி சூடானில் போரிடும் இரு தரப்பும் சவூதி அரேபியாவின் ஜெத்தாவில் பொதுமக்களையும் நிவாரணப் பணியையும் காப்பதாக ஒப்பமிட்டன; களத்தில் அதை மேற்பார்வை செய்ய வலுவான ஏற்பாடு இல்லாததால் அது நிறைவேறவில்லை. 2024 மே 24ஆம் திகதி பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 2730ஆம் இலக்கத் தீர்மானம், ஐ.நா. ஊழியரையும் நிவாரணப் பணியாளரையும் உள்ளூர்ப் பணியாளர் உட்பட மதித்துக் காக்க வேண்டும் என்று சொல்கிறது. அதன் ஒரு பிரதியைப் பையில் வைத்திருப்பது நல்லது. அதிகாரியுடன் பேசும்போது மேற்கோள் காட்ட உதவும்.

போகலாமா என்று கேட்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னர் நிறுவனத்திடம் சில விடயங்களை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். களத்திலிருந்து புறப்படும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, உங்களுடன் வேலை செய்யும் உள்ளூர்ச் சாரதிக்கும் அதே வாகனத்தில் இடம் உண்டா, அவருடைய குடும்பத்துக்கு உண்டா, காயமடைந்தாலோ இறந்தாலோ அவருடைய வீட்டாருக்குக் கிடைக்கும் இழப்பீடு உங்களுடையதற்கு ஈடானதா என்று கேளுங்கள். இரவில் இரு தரப்பிலும் தொலைபேசியை எடுக்கும் அதிகாரிகளின் பெயர்களைக் கேளுங்கள். கடைசியாக அவர்களை அழைத்துச் சரிபார்த்த திகதியையும் கேளுங்கள். அந்தத் திகதியை உடனே சொல்ல முடியாத அலுவலகமானால், பயணத்தைத் தள்ளிவைத்து, முதலில் அந்தப் பட்டியலைச் சரிசெய்யும்படி சொல்லுங்கள்.